ரெட்வுட் காட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது

மெர்லினால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஆசிரியர் அறையில் நின்றபடியேதான் டீ குடிப்பாள். வகுப்பில் அவளுக்கென்று போட்ட நாற்காலியில் பிள்ளைகளின் நோட்டுகள்தான் அடுக்கிக் கிடக்கும். வீட்டிலும் அப்படித்தான். கட்டில் கிடந்த இடத்தில் பீரோ வரும், பீரோ நின்ற இடத்தில் கட்டில் போகும். ஷிப்டு முடிந்து வந்து இருட்டில் முட்டிக்கொள்ளும் கணவன் சகாயராஜ், "இது வீடா, ரயில் பெட்டியா?" என்பான்.

"ரெண்டும் ஒண்ணுதான். எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்னு ஏறும்போதே தெரியும்" என்பாள் அவள்.

நெய்வேலியில் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புரியும். மெர்லினின் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஃபிட்டராக வந்தவர். ஓய்வு பெற்ற அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அந்த ஊர் மெர்லினுக்கு விருந்தாளி ஊர். சகாயராஜ் இந்தப் பக்கத்துக்காரன்தான், ஆனால் அவனுடைய ஊர் இப்போது இல்லை. அவன் சிறுவனாக இருந்தபோதே அது சுரங்கத்துக்குள் போய்விட்டது. நிலத்துக்குப் பதிலாக அவன் அப்பாவுக்கு வேலை வந்தது. பிறகு மகனும் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, இன்று மண்ணை வழித்தெடுக்கும் பக்கெட் வீல் மிஷினை ஓட்டுகிறான். "எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் கணவன் மனைவி இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

மெர்லின் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறாள். அவளைச் சிறந்த ஆசிரியை என்று சொல்லிவிட முடியாது. பாதிப் பாடத்தில் வேறெங்கோ போய்விடுவாள், தேர்வு நெருங்கும்போது பக்கங்களைத் தள்ளிக்கொண்டு ஓடுவாள். ஆனால் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றை அவளால் சொல்ல முடியாது. அது நல்ல குணமா, வெறும் பொறுமையின்மையா என்று சொல்வது கடினம்.

எட்டாம் வகுப்புக்குக் காடுகள் பற்றிய பாடம் வந்தது. அதற்காகப் பள்ளி வாங்கிவைத்திருந்த துணைப் புத்தகத்தில் கலிபோர்னியாவின் ரெட்வுட் காடு பற்றி ஒரு சிறு கட்டம் இருந்தது. உலகிலேயே உயரமான மரங்கள், ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவை, மனிதன் போற்றிக் காக்கும் செல்வம். பக்கத்தில் ஒரு படம்: மரத்தைக் குடைந்த ஓட்டை வழியே ஒரு கார் போகிறது. போற்றிக் காப்பவன் எதற்கு மரத்தைக் குடைந்து கார் ஓட்டுகிறான்? அந்தப் படம் மெர்லினை அரிக்கத் தொடங்கியது. அந்த வாரம் முழுக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தாள்.

வகுப்பில் மரத்தின் பெயரைச் சொன்னதுமே கடைசி பெஞ்சிலிருந்து வெங்கடேஷ் கையைத் தூக்கினான். அவன் அப்பாவும் சுரங்கத்தில்தான் வேலை.

"டீச்சர், செம்மரமா? ஆந்திராவுல கடத்துவாங்களே!"

"அது வேற, இது வேற. இத நீ கடத்தணும்னா ஒரு கூட்ஸ் வண்டி வேணும். ஒன் பையில கொள்ளாது."

சிரிப்பு அடங்கியதும் உயரத்துக்கு வந்தாள். மீட்டர் கணக்கு யார் மனதிலும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். "மைன்ஸ் வியூ பாயிண்ட் எல்லாரும் பாத்திருக்கீங்கள்ல? அந்தக் குழியோட அடியில கொண்டுபோய் இந்த மரத்த நட்டோம்னா, நுனி நாம நிக்கிற கரைக்கு மேல எட்டிப் பாக்கும்."

கம்பி வேலியைப் பிடித்தபடி அந்தக் குழியைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். கீழே ஊர்ந்து போகும் லாரி தீப்பெட்டி மாதிரி தெரியும் குழி. அதன் அடியிலிருந்து ஒரு மரம் எழுந்து வந்து அவர்கள் முகத்துக்கு நேரே கிளையை ஆட்டியது.

பிறகு அவள் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பழுப்பு நிலக்கரிக் கட்டியைக் கைக்குக் கை கொடுத்தாள். சகாயராஜ் பார்த்துப் பொறுக்கியது. மரத்தின் வரி அதில் அப்படியே தெரிந்தது. "இது ரெட்வுட் இல்ல. ஆனா இதுவும் ஒரு காலத்துல நின்ன காடுதான்." பிள்ளைகள் முகர்ந்து பார்த்தார்கள், கையில் ஒட்டிய பழுப்பை ஒருவர் சட்டையில் மற்றவர் துடைத்தார்கள்.

அடுத்து மனிதர்களின் கதை. அந்தக் காட்டில் முதலில் இருந்தவர்கள் விழுந்த மரத்தைப் பிளந்து வீடு கட்டியவர்கள். நின்ற மரத்திலிருந்தும் அது சாகாதபடி பலகை மட்டும் உரித்தெடுக்கத் தெரிந்தவர்கள். பிறகு தங்கம் தேடிக் கூட்டம் வந்தது. தங்கம் கிடைக்காதவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். இருந்தவர்கள் விரட்டப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். மரம் நகரங்களாக மாறியது. பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது இன்று பூங்காவாக இருக்கிறது.

மூன்றாம் பெஞ்சில் இசைப்பிரியா எழுந்து நின்றாள். கொல்லைமேடு கிராமத்திலிருந்து வேனில் வருகிற பெண். அதிகம் பேசாதவள்.

"டீச்சர், அந்தக் காட்டுல போர் போட்டுப் பாத்தாங்களா?"

வகுப்பே சிரித்தது. "ஒங்க ஊருல வண்டி வந்து நிக்குதே, அந்த மாதிரியா?" என்றான் வெங்கடேஷ்.

அவள் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. கொல்லைமேட்டுக்கு அந்த வாரம்தான் துளை போடும் வண்டி வந்திருந்தது. பூமிக்கு அடியில் நிலக்கரி இருக்கிறதா, எவ்வளவு ஆழத்தில் என்று மண்ணை உருவிப் பார்க்கும் வண்டி. அது வந்தால் அடுத்து என்ன வரும் என்று அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். போர் போட்டுப் பார்க்காமல் ஒரு நிலத்தை யாராவது சும்மா விடுவார்களா என்பதுதான் அவள் கேள்வி. மேலே எவ்வளவு உயரமான மரம் நின்றாலும் அவள் கண் கீழேதான் போனது.

"போட்டுப் பாத்து, ஒண்ணும் இல்லன்னுதான் வுட்டாங்களா டீச்சர்?"

மெர்லினுக்குப் பதில் தெரியாது. மணி அடித்துவிட்டது. வராந்தாவில் அடுத்த ஆசிரியரின் தலை தெரிந்தது.

"ஆமா. அடியில ஒண்ணும் இல்ல. அதான் விட்டுட்டாங்க. உக்காரு."

இசைப்பிரியா உட்கார்ந்தாள். அவள் முகம் தெளிந்ததை மெர்லின் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை சகாயராஜ் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னாள். அவன் சோற்றுக் கையோடு சிரித்தான். "போர் போட்டாங்களான்னு கேட்டாளா? நம்ம பக்கத்துப் புள்ள, வேற எப்படிக் கேக்கும்? நீ என்ன சொன்ன?"

"அடியில ஒண்ணும் இல்லன்னு."

"நெஜமாவே இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"மணி அடிச்சிடுச்சு."

"நல்லா இருக்கே. மணி அடிச்சா பொய் சொல்லலாம்னு சட்டமா?" விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

அவள் பாத்திரத்தைத் துலக்கினாள், துலக்கியதை மறுபடி துலக்கினாள். சின்னப் பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு கொள்கை இருந்தது. கீழே எதுவும் இல்லாததால் காடு நிற்கிறது என்றால், கீழே எதுவும் இருந்தால் மேலே இருப்பவற்றுக்கு நிற்க உரிமையில்லை என்று ஆகிறது. அதை அவள் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளின் தலையில் இறக்கியிருந்தாள். அதைவிடச் சங்கடமான ஒன்று, அதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவளே உள்ளூர அப்படித்தான் நம்பிவந்திருக்கிறாள் என்பது. அப்பாவின் சம்பளம், இந்தக் குவார்ட்டர்ஸ், சகாயராஜின் வேலை எல்லாம் அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றன. உண்மையில் அந்தக் காட்டில் விலைபோன சரக்கே மரம்தான். கீழே என்ன இருக்கிறது என்று எவன் பார்த்தான்?

அடுத்த வகுப்பிலேயே திருத்திவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் மாதத் தேர்வு. அதற்கடுத்த நாள் இசைப்பிரியா வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் தலைமை ஆசிரியை கஸ்தூரி ஆளனுப்பினார்.

அறையில் இருவர் நின்றிருந்தார்கள். ஒருவர் இசைப்பிரியாவின் அப்பா சிவசங்கர். அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர். கையைக் கட்டி, தவறு செய்த மாணவன் மாதிரி நின்றார். மற்றவர் நல்லசாமி, கொல்லைமேட்டில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். அவர் கை கட்டவில்லை.

"இவங்கதானா அந்த டீச்சரு?" என்றார் நல்லசாமி. "ஏம்மா, பாடம் சொல்லிக் குடுக்கச் சொன்னா குச்சி புடுங்கச் சொல்லிக் குடுத்து வுட்டுருக்கீங்களே, இது என்னா படிப்பு?"

"என்ன குச்சிங்க?"

சிவசங்கர்தான் சொன்னார். போர் போட வேண்டிய இடத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சியை அடையாளத்துக்கு நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது சிவசங்கர் வீட்டுக் கொல்லை ஓரத்தில் இருந்தது. இசைப்பிரியா பள்ளி விட்டு வந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் நல்லசாமியின் கிணற்றோரம் நட்டுவிட்டாள்.

"ஏன் அங்க?" என்றாள் மெர்லின். கேட்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

"அது தண்ணி வராத கெணறுங்க. இவரு அப்பா காலத்துல வெட்டுனது. எவ்ளோ தோண்டியும் ஒண்ணும் இல்லன்னு ஊருக்கே தெரியும். அதான். அங்க போட்டுப் பாத்தாங்கன்னா ஒண்ணும் இருக்காது, நம்ம ஊர வுட்டுட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சிகினு இருந்திருக்குது. டீச்சர் சொன்னாங்க, ஒண்ணும் இல்லாத எடத்த வுட்டுடுவாங்கன்னு சொல்லுது."

"வண்டிக்காரன் குச்சியப் பாத்தான், போட்டான்" என்றார் நல்லசாமி. "கருப்பா வந்துச்சு. தண்ணி வராத எங்கெணத்துல அது மட்டும் வந்துச்சு! இப்ப ஊருல என்னா பேசிகினு இருக்கானுங்க தெரியுமா? நல்லசாமி நானா போயி வண்டிய கூட்டியாந்து காட்டிக் குடுத்துட்டேனாம். டீக்கடையில எவனும் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறான்."

"மறுநா பழைய எடத்துலயும் போட்டாங்க மேடம்" என்றார் சிவசங்கர் கஸ்தூரியைப் பார்த்து. "அங்கயும் அதேதான். எங்க போட்டாலும் இதுதான் வரும்னு வண்டிக்காரரே சொன்னாரு. ஆனா புள்ள கேக்க மாட்டேங்குது. தன்னாலதான் வந்துச்சுன்னு மூலையில உக்காந்துகினு இருக்குது. ஸ்கூலுக்கு வர மாட்டேன்னு சொல்லுது."

அவர்கள் போனபின் கஸ்தூரி கதவைச் சாத்தினார். கோபமாகப் பேசவில்லை, களைப்பாகப் பேசினார். "மெர்லின், இங்க பாதிப் பிள்ளைங்களோட அப்பா மைன்ஸ்ல இருக்காங்க. மீதிப் பாதியோட நிலம் என்னைக்காவது மைன்ஸுக்குப் போகும். ரெண்டு பாதியையும் நான் ஒரே பெஞ்சுல உட்கார வைக்கணும். இனிமே அந்த மரப் பேச்சு கிளாஸ்ல வேண்டாம். புத்தகத்துல இருக்கறதோட நிறுத்திக்குங்க."

அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. மெர்லின் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் கொல்லைமேட்டில் ஒரு பெண், பூமிக்கு அடியில் நிலக்கரியைத் தானே கொண்டுவந்து வைத்ததாக நம்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அந்த மூலையில் அவளை உட்கார வைத்தது மெர்லினின் ஒரே வாக்கியம்.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு இடத்தில் வழி தவறினாள். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பலாமரம். சிவசங்கர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி அம்சவல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர்."

"பரவாயில்லங்க, நிக்கிறேன். பாப்பா எங்க?"

"கெணத்தாண்டதான். காலையில எழுந்தா அங்க போயிடுது. நான் என்னா சொன்னாலும் வாயத் தொறக்க மாட்டேங்குது. நீங்களாவது ரெண்டு வார்த்த சொல்லுங்க."

கிணற்றைச் சுற்றி எருக்கு மண்டியிருந்தது. பக்கத்தில் தரை மட்டத்துக்குச் சிமெண்டால் மூடிய ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. இசைப்பிரியா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி முந்திரி மரத்தடியில் நல்லசாமி சருகு கூட்டிக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் விளக்குமாறு நின்றது.

மெர்லின் மேட்டில் உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

"இசை, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்தக் காட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. மணி அடிச்சிடுச்சுன்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பொய்யா சொன்னீங்க?"

"ஆமா."

விளக்குமாறு நின்ற இடத்திலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

"அப்பன்னா ஏன் டீச்சர் வுட்டாங்க?"

"விடல. எனக்குத் தெரிஞ்சு யாரும் தானா விடல. பெரும்பாலும் வெட்டிட்டாங்க. சில இடம் சரிவா இருந்ததால தப்பிச்சிது. சில இடத்துல ஆளுங்க குறுக்க வந்து நின்னாங்க, காசு சேத்து வாங்கினாங்க, வழக்குப் போட்டாங்க. அப்படி நின்னும் சில இடம் போச்சு. மிச்சம் நிக்குது. இதுக்கு மேல அதுல ஒரு காரணமும் நான் பாக்கல."

"முன்ன இருந்தவங்க? அந்தப் பலக உரிக்கிறவங்க?"

"கொஞ்சப் பேரு இன்னும் அங்கதான் இருக்காங்க. போன நெலத்துல கொஞ்சம் கொஞ்சமா கேட்டு வாங்கறாங்க."

இசைப்பிரியா சிமெண்ட் வட்டத்தைப் பார்த்தாள். "நான் குச்சிய நடாம இருந்தா இங்க இது வந்திருக்காதுல்ல?"

"அது நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. மனுஷன்னு ஒருத்தன் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. நீ நட்டது குச்சி மட்டும்தான்."

"குச்சி மட்டுமா?" என்று கிட்டே வந்தார் நல்லசாமி. "எம் மானத்தையும் சேத்துல்ல நட்டுட்டுது! சரி அத வுடு. ஏம்மா டீச்சரு, குறுக்க வந்து நின்னாங்க, நின்னாங்கன்னு சொல்றீங்களே. ஒங்க வூட்டுக்காரரு என்னா வேல பாக்கறாரு?"

மெர்லின் சொன்னாள். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

"பக்கெட் வீலு!" நல்லசாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "நல்லா இருக்குது கூத்து. ராவெல்லாம் அவரு தோண்டுவாரு, பகல்ல நீங்க வந்து மரத்தப் பத்திச் சொல்லுவீங்க."

"அவரு ஊரும் மைன்ஸுக்கு உள்ளதாங்க இருக்கு" என்றாள் மெர்லின். சொன்னபிறகுதான் அது பதில் இல்லை என்று தெரிந்தது. நல்லசாமியும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. சருகுக் குவியலுக்குத் திரும்பிப் போனார்.

"திங்கக்கெழம வருவியா?" என்றாள் மெர்லின்.

இசைப்பிரியா எருக்கிலையைக் கிள்ளிப் பால் வடிவதைப் பார்த்தாள். "இங்க சொன்னத கிளாஸ்ல சொல்லுவீங்களா? பொய்தான்னு. வெங்கடேஷ் இருக்கறப்ப."

"மேடம் அத பேச வேணாம்னு சொல்லியிருக்காங்கடா."

"அப்ப நான் வரல."

மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வந்தால் வேன் வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"பெரிய ஆளுதான்" என்றார் நல்லசாமி மரத்தடியிலிருந்து. "வந்து சொல்லுங்க டீச்சரு. அப்படியே எம் பேரையும் நாலு பேரு கேக்கச் சொல்லிடுங்க. கூட்டியாந்தது நான் இல்லன்னு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு மெர்லின் பீரோவை நகர்த்தினாள். சகாயராஜ் கட்டிலில் படுத்தபடியே காலை மடக்கி வழி விட்டான்.

"என்ன செய்யப் போற?"

"தெரியல."

"வேலையில கை வச்சிட்டாங்கன்னா?"

"ஒங்க ஊரு போச்சே, அன்னைக்கு ஒங்களுக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அவன் விட்டத்தைப் பார்த்தபடி யோசித்தான். "சொன்னாங்க. புது வீட்டுல ஃபேன் இருக்கும்னு சொன்னாங்க." பிறகு, "இருந்துச்சு" என்றான்.

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். இசைப்பிரியா கடைசியாக இறங்கி, வகுப்புக்குள் வராமல் வாசல் தூணோரம் பையோடு நின்றுகொண்டாள். வராந்தாவின் அந்தக் கோடியில் கஸ்தூரி ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மெர்லின் சாக்பீஸை எடுத்தாள், வைத்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினாள்.

"போன வாரம் ஒரு பொய் சொன்னேன். ரெட்வுட் காட்டுக்கு அடியில ஒண்ணும் இல்ல, அதான் விட்டாங்கன்னு. அது எனக்குத் தெரியாது. கீழ ஏதாவது இருந்தா மேல இருக்கறது போகணும்னு ஒரு விதியும் இல்ல, ஒண்ணும் இல்லன்னா தப்பிச்சிடும்னும் இல்ல. அந்தக் காட்ட மரத்துக்காகத்தான் வெட்டினாங்க. மிச்சம் நிக்கறது பெரும்பாலும் ஆளுங்க குறுக்க நின்னதால நிக்குது. இன்னொண்ணு. கொல்லைமேட்டுக்குப் போர் வண்டிய நல்லசாமின்னு ஒருத்தரு கூட்டிட்டு வந்தாருன்னு யாராவது சொன்னா, அதுவும் பொய்."

கஸ்தூரி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார். நெற்றி சுருங்கியது. உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

இசைப்பிரியா வாசற்படி தாண்டி வந்து மூன்றாம் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வெங்கடேஷ் அவளைப் பார்த்தான். ஏதோ கிண்டல் வாயருகே வந்து திரும்பிப் போனது தெரிந்தது. பிறகு கையைத் தூக்கினான்.

"டீச்சர், அப்போ நம்ம ஸ்கூலுக்கு அடியில?"

மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. மெர்லின் ஜன்னலைப் பார்த்தாள். கஸ்தூரியும் பதிலுக்காகத்தான் நின்றிருந்தார் போலிருந்தது.

"தெரியாது. போட்டுப் பாத்தாதான் தெரியும்."

எல்லாப் பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராகக் கால்களைத் தூக்கி முன் பெஞ்சின் கம்பியில் வைத்துக்கொண்டார்கள். இசைப்பிரியாவின் கால்கள் மட்டும் தரையிலேயே இருந்தன. மெர்லினும் நின்ற இடத்திலிருந்து நகராமல் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.